முழந்தாளின் கீழ் ஒரு தலையணை

மாத்தளை நகரில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு ஒரு மலைத்தொடர் தோன்றும். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். மடக்கிய கைம்முட்டியின் விரன்மூட்டுக்கள் என்பது அதன் பொருள். சிகரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாய்ப் புடைத்து நிற்கும் காட்சி அவர்கட்கு அவ்வாறு தோன்றியது போலும். பெயர் பொருத்தமானதே. அம்மலையின் சரிவுகளில் ஏறியிறங்கித் தேய்ந்த மூட்டுக்கள் அநேகம்.

'மூட்டு' என்னும் சொல்லைச் சற்றே நோக்குவோம். மூட்டுதல் என்றால் பொருத்துதல். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தலும் மூட்டுதலே. தீ மூட்டுதலும் உண்டு. சண்டை மூட்டுதலும் உண்டு. அறுபது வயதைக் கடந்தார் சிலர்க்கு முழந்தாள் மூட்டு இம்மூன்று தொழிலையும் ஒருங்கே செய்கின்றது. உடலைப் பொருத்தி நிற்கின்றது. உள்ளே தீயை மூட்டுகின்றது. வீட்டிலே சண்டையையும் மூட்டுகின்றது. மூன்றாவது தொழில் பற்றி மருத்துவ நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இக்கட்டுரையிற் பெரிதும் பேசப்படுவது அதுவே.

இம்மாவட்டத்து மலையகத் தமிழர் வரலாறு கால்நடையில் தொடங்கிய வரலாறு. கோப்பிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுக்கூற்றில், மன்னார்க் கரையில் வந்திறங்கியோர் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. ஆயினும் தேயிலை மலைக்கு எந்தப் புகையிரதமும் ஏறவில்லை. காலையிற் பெரட்டுக்கு இறங்குதல், மலைக்கு ஏறுதல், கொழுந்து நிறைந்ததும் நிறுவைக்கு இறங்குதல், மறுபடி ஏறுதல், மாலையில் விறகோடு லயத்துக்கு மீளுதல். முழந்தாள் தேய்வதற்கு முதுமை, உடற்பருமன், பரம்பரை, பழைய காயம் எனக் காரணங்கள் பல உள. அடிக்கடி மடக்கிக் குந்துவதும் சுமையோடு சரிவில் நடப்பதும் அவற்றோடு சேர்ந்தவை என்று மருத்துவர் கூறுவர். மலைநாட்டுப் பெண்ணுக்கு இவை இரண்டும் நாட்கூலியோடு கிடைத்தவை.

என் தமக்கையார் இரத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் 38 ஆண்டு கொழுந்து பறித்தவர். நான் நன்னூல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அதனைப்பற்றி எழுதுவதை அவர் விரும்பமாட்டார். ஐம்பத்தெட்டு வயதளவில் வலக்கால் வீங்கத் தொடங்கியது. பின் இரண்டு கால்களும் வெளிப்புறமாக வில்போல் வளைந்தன. இரவில் உறக்கமில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அடுத்து, அயல்வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். அவருடைய காம்பராவுக்கு வழி, மண்ணை வெட்டிக் கல் பதித்த 41 படிகள். ஈற்றில் அப்படிகளுக்கு மேலே இருந்துகொண்டு கீழே போவோர் வருவோரைப் பார்ப்பதே அவர்க்கு உலகமாயிற்று.

முழந்தாளை மாற்ற வேண்டும் என்று 2021இல் நிபுணர் கூறினார். கூறியபடி உடனே நடக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில், நாட்டின் பொருளாதார நெருக்கடியால் மருந்து போதாமல், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டமை பலர்க்கும் நினைவிருக்கும். அக்காலத்தில் உயிர்போகும் நோய்க்கே மருந்து தேடி அலைந்தனர். முழந்தாளை யார் கேட்பார்? நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனினும் பொருத்தப்படும் செயற்கை மூட்டை நோயாளரே வாங்கிக் கொடுக்க நேர்வதுண்டு. அதன்பொருட்டுச் சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பாரும் உளர். தமக்கையாரின் ஊழியர் சேமலாப நிதியில் எஞ்சியிருந்தது சிறிது. மகன் அனுப்பியது சிறிது. நாங்கள் சேர்த்தது சிறிது. 2024 ஆவணியிற் சத்திரசிகிச்சை நடந்தது.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுக்கும். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைச் செய்விப்பவன் என்பன அவை. பரிமேலழகர் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இலக்கணம் காட்டுகின்றார். நோயுற்றவனுக்குரிய இலக்கணங்களுள் முதலாவது பொருளுடைமை. மாணவனாய்ப் படித்தபோது இஃது என்ன கொடுமை என்று தோன்றியது. செயற்கை மூட்டின் விலையைக் கேட்டபின் உரையாசிரியர் உலகம் அறிந்தவர் என்று தெளிந்தேன். அருகிருப்பவனுக்கு அவர் கூறும் இலக்கணங்களுள் அன்புடைமை ஒன்று, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை இன்னொன்று, அறிவுடைமை மற்றொன்று. அன்பு நான்கில் ஒன்றுதான் என்பதைக் கவனித்தல் வேண்டும். நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. ஏனையவை குறையும் இடத்திலேதான் புதிய மூட்டு கெடுகின்றது.

முதலில் சிகிச்சை இன்னதென்று சொல்லவேண்டும். 'காலை அறுத்து இரும்புக் கால் வைக்கிறார்கள்' என்று ஊரிற் பேச்சு. அவ்வாறன்று. தொடையென்பின் கீழ்நுனியும் கணைக்கால் என்பின் மேல்நுனியும் கூடும் இடம் முழந்தாள். அந்நுனிகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான கசியிழையம் தேய்ந்துபோனால் என்போடு என்பு உராயும். வைத்தியர் அந்நுனிகளைச் சில மில்லிமீற்றர் அளவு செதுக்கி, கோபாற்று, குரோமியம் முதலியன கலந்த உலோகத்தால் தொடையென்பின் நுனிக்கு ஓர் உறை இடுகின்றார். கணைக்கால் என்பின் நுனியில் ஓர் உலோகத் தட்டைப் பதிக்கின்றார். இரண்டுக்கும் நடுவே பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த கடினமான ஒரு மெத்தை. பெரும்பாலும் ஒருவகைச் சீமெந்தினால் இவை ஒட்டப்படும். பல்லுக்கு உறை போடுவது போன்றது என்று சொன்னால் விளங்கும். வேலை ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

இவ்வுறையைக் கண்டுபிடிக்க உலகம் பட்ட பாடு பெரிது. 1890இல் பெர்லின் நகரில் குளுக் என்னும் வைத்தியர் யானைத் தந்தத்தால் முழந்தாள் செய்து பொருத்தினார். காசநோயால் அழிந்த மூட்டுக்கள் அவை. கிருமி உள்ளிருந்தமையால் முயற்சி நிலைக்கவில்லை. அயலிலே பர்மாவில், மண்டலே நகரில், சான் போ என்னும் வைத்தியர் 1960 தொடங்கிப் பல ஆண்டு தந்தத்தினாலே இடுப்பு மூட்டுச் செய்து முறிந்த தொடையென்புகளுக்குப் பொருத்தினார். அவரிடம் முதலிற் சிகிச்சை பெற்றவர் 83 வயதுடைய பௌத்தத் துறவிப் பெண் ஒருவர். இங்கிலாந்தில் சாண்லி என்பார் முதலில் தெஃப்லோனைக் கொண்டு இடுப்பு மூட்டுச் செய்தார். அது சில ஆண்டுகளில் தேய்ந்து பழுதாயிற்று. மனந்தளராது 1962இல் பொலித்தீனுக்கு மாறினார். இன்று உலகெங்கும் நடைபெறும் மூட்டு மாற்றத்துக்கு அஃது அடித்தளம். முழந்தாளுக்கு ஒத்த வடிவம் 1974இல் நியூயோர்க்கில் அமைந்தது. அதனை வகுத்த மூவருள் ஒருவராகிய இரணாவத் என்னும் இந்திய வைத்தியரே, இந்தியப் பிரதமர் வாஜ்பாயியின் இரு முழந்தாள்களையும் 2000இலும் 2001இலும் மும்பையில் மாற்றியவர். நம் ஊர்ச் செய்தித்தாள் வாசகர் பலர் 'முழந்தாள் மாற்று' என்ற தொடரை முதன்முதல் அறிந்தது அப்போதுதான். பொருத்திய முழந்தாள்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை 25 ஆண்டு நிலைக்கின்றன என்று 2019இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு கூறுகின்றது.

தமிழில் இவற்றையெல்லாம் எழுத முடியுமா என்று கேட்பார்க்கு ஒரு சொல். அமெரிக்க வைத்தியர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றி 'இரணவைத்தியம்' என்ற பெருநூலை 1867இல் வெளியிட்டார். அவ்வழி தொடர்ந்திருந்தால், இன்று வைத்தியசாலையில் நோயாளர் கையிற் கொடுக்கப்படும் அப்பியாசத் தாளை வாசித்துச் சொல்ல மருமகனைத் தேடவேண்டிய நிலை வந்திராது. நிற்க.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே தமக்கையாரை எழுப்பி நிறுத்தினர். 'வோக்கர்' எனப்படும் நாலுகாற் சட்டத்தைப் பிடித்து ஏழெட்டு அடி வைத்தார். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினர். வீடு என்றது மாத்தளையில் உள்ள எம் வீட்டை. 41 படிக்கு அப்போது வழியில்லை. வைத்தியசாலையில் ஆறு நாள். வீட்டிலே மூன்று மாதம். இக்கணக்கிலேயே எது பெரிது என்பது விளங்கும்.

அன்று மாலையே சண்டை மூண்டது. கொழும்பிற் கடையொன்றில் வேலைபார்க்கும் அவருடைய மகன் விடுமுறையெடுத்து வந்திருந்தான். தாயிடம் உயிரை வைத்தவன். கட்டிலிற் கிடத்தியவுடன் மெத்தென்ற தலையணை ஒன்றை எடுத்துத் தாயின் முழந்தாளின் கீழே வைத்தான். தாயின் முகம் தெளிந்தது. நோவு குறைந்தது. அறையில் நின்ற எல்லோர்க்கும் ஆறுதல்.

மறுநாள் வந்த இயன்மருத்துவர் (இளம்பெண், என் மாணவியாயிருக்கும் வயது) முதல் வேலையாக அத்தலையணையை இழுத்தெடுத்தார். காரணமும் சொன்னார். மூட்டினுள்ளே நீரும் குருதியும் கோத்திருக்கும் காலத்தில், முழந்தாள் சற்றே மடிந்திருந்தால் உள்ளிடம் பெருகும், அழுத்தம் குறையும், நோவு தணியும். ஆதலால் உடல் அந்நிலையையே நாடும். ஆனால் அவ்வாறே கிழமைக்கணக்கிற் கிடந்தால், பின்புறத்து நாண்களும் சவ்வுகளும் குறுகி இறுகிவிடும். கால் பின் ஒருபோதும் முற்ற நிமிராது. நிமிராத காலால் நடப்பவர் நொண்டியே நடப்பர். சத்திரசிகிச்சை எவ்வளவு செம்மையாக நடந்திருந்தாலும் பயன் இல்லை. தலையணை வைப்பதானால் குதிக்காலின் கீழே வைக்கவேண்டும். முழந்தாள் அந்தரத்தில் நின்று தன் பாரத்தாலேயே தாழ்ந்து நிமிரும். நோகும். நோகத்தான் வேண்டும்.

அவர் போனதும் மகன் தலையணையை மறுபடி முழந்தாளின் கீழ் வைத்தான். தாய் எடுத்தெறிந்தார். அவன் வைத்தான். இவர் எறிந்தார். "அம்மா, நோகுமில்ல, கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டா என்ன?" என்று அவன் கண்கலங்கினான். தமக்கையார் என்னைப் பார்த்தார். "தம்பி, இவன கொழும்புக்கு அனுப்பிவிடு. இவன் இருந்தா நான் நடக்க மாட்டேன்" என்றார்.

இச்சிறு செய்தியில் இவ்விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது என்பது என் எண்ணம். காய்ச்சல் கண்டவர்க்கு உதவுவது வேறு. இவர்க்கு உதவுவது வேறு. காய்ச்சற்காரரைக் கிடத்திக் கஞ்சி புகட்டினால் தேறுவார். மூட்டு மாற்றியவரைக் கிடத்திப் புகட்டினால் மூட்டு இறுகும், காலில் இரத்தம் உறையும், தசை மெலியும், நெஞ்சும் மெலியும். எழாதீர்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம் என்று நாற்புறமும் எழும் அன்புக்குரல் தலையணையின் வேறு வடிவமே. தண்ணீர்க் குவளை எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். அதனை எடுக்க அவர் எழவேண்டும். எழும்போது ஒருவர் அருகில் நிற்கவேண்டும், கை நீட்டாமல். கை நீட்டாமல் நிற்பது நீட்டுவதிலும் கடினம். என் மனைவியார் அதனை விரைவிற் கற்றுக்கொண்டார். உறவினர் கற்கவில்லை. பார்க்க வந்தவர் ஒவ்வொருவரும் ஓட்டிசலோ தோடம்பழமோ கொண்டுவந்தனர். கூடவே ஆலோசனையும் கொண்டுவந்தனர். 'ஆறு மாதம் அசையக்கூடாது' என்றார் ஒருவர். அவர் சொன்னபடி அசையாதிருந்த ஒருவரைப்பற்றியும் அவரே சொன்னார். அம்மனிதர் இன்றும் கட்டிலில் என்றார். தாம் சொன்னதைத் தாமே கேட்கவில்லை.

தைலம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாத்தளை வாசனைத் திரவியங்களின் ஊர். தம்புள்ளை வீதியின் இருமருங்கும் வாசனைத் தோட்டங்கள்; மூட்டுவலிக்கென்று எண்ணெய் விற்காத தோட்டம் அரிது. வந்த அன்பளிப்புக்களில் ஐந்து தைலப் போத்தல்கள் இருந்தன. பழைய நோவுக்கு அவை இதம் தரலாம். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் ஆறாத தையலின்மேல் எதுவும் பூசலாகாது. கெண்டைக்காலை எண்ணெயிட்டு உருவுவது இன்னும் ஆபத்து. சத்திரசிகிச்சைக்குப் பின் காலின் நாளங்களில் இரத்தம் உறைய இடமுண்டு. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர்க்கே கேடு. அதனைத் தடுக்கவே வைத்தியர் மருந்து தருகின்றனர். பாதத்தை மணிக்கொருமுறை மேலும் கீழும் அசைக்கச் சொல்கின்றனர். கெண்டைக்கால் திடீரென வீங்கிக் கடுத்தாலும், நெஞ்சு நொந்து மூச்சுத் திணறினாலும், காயத்திலே சீழ் கசிந்தாலும், காய்ச்சல் விடாது காய்ந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டா. அப்பொழுதே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இனி வீடு. நம் வாழ்க்கை நிலத்திலே நடந்த வாழ்க்கை. பாயிற் படுக்கை, பந்தியிற் சம்மணம், அம்மியடியிற் குந்தல், வாசலிற் குனிந்து கோலம், கோயிலில் மண்டியிட்டு வணக்கம், மலசலகூடத்திலும் குந்தல். புதிய முழந்தாள் நம் தரையோடு உறவு முறித்துக்கொள்கின்றது. கணக்கைப் பாருங்கள். சமநிலத்தில் நடக்க முழந்தாள் ஏறக்குறைய 65 பாகை மடிந்தாற் போதும். படியேற 90 அளவு வேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ அதிலும் சிறிது மிகுதி. மாற்றிய முழந்தாள் நன்கு தேறினால் 110 முதல் 120 பாகை வரை மடியும். முற்றக் குந்துவதற்கோ 130க்கு மேல் வேண்டும். ஆகவே நடக்கலாம், படியேறலாம், பஸ்ஸில் ஏறலாம், பந்தியிற் சம்மணமிட்டு இருப்பது மட்டும் பெரும்பாலும் இல்லை. இடுப்பு மூட்டை மாற்றியவர்க்கு நிபந்தனை இன்னும் கடுமை. தொடக்க மாதங்களில் தாழ்ந்த இருக்கையும் காலின்மேற் கால் போடுவதும் மூட்டைக் கழற்றிவிடக் கூடும். வைத்தியர் சொல்லும் எல்லையை அவர்கள் இம்மியும் கடத்தலாகாது.

மேலைநாட்டுப் புத்தகங்கள் கட்டில், கதிரை, உயர்ந்த மலசலகூடம் எல்லாம் வீட்டில் இருப்பனவாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. நாங்கள் அவற்றை உண்டாக்க வேண்டியிருந்தது. கட்டிலின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். என் தந்தையார் காலத்துச் சாய்மனைக் கதிரையைத் தமக்கையார் ஆசையோடு பார்த்தார். அதிற் சாய்ந்தால் எழ இயலாது என்பதால் அதனை விறாந்தையிலிருந்தே அகற்றினோம். கைபிடியுள்ள உயர்ந்த மரக்கதிரை ஒன்று அவ்விடத்தைப் பெற்றது. மலசலகூடத்துக்கு இருக்கை வைத்த சட்டம் ஒன்றை இரவல் பெற்றோம். சுவரில் இரும்புக் கைபிடி பொருத்த மேசனார் அரை நாளும் இரண்டு தேநீரும் எடுத்துக்கொண்டார். வாசலிற் கால் துடைக்கப் போடும் சாக்கை எடுத்தெறிந்தோம். தடுக்கி விழச்செய்வதில் அதற்கு நிகரில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு பெரிதன்று. லயத்துக் காம்பராக்களில் இவற்றுக்கு இடமே இல்லை என்பதுதான் பெரிது. ஒரே அறை, ஓர் இஸ்தோப்பு, கழிவறை வெளியே, மழையில் வழுக்கும் சரிவுக்கு அப்பால். ஆசுபத்திரி தரும் மூட்டு எல்லோர்க்கும் ஒன்றுதான். அதனைக் கொண்டுபோய் வைக்கும் வீடு ஒன்றன்று.

சிறு செய்திகள் இரண்டை மறவாமல் எழுதுகிறேன்; பலர் தவறச் செய்வன. ஊன்றுகோலை நோவில்லாத பக்கத்துக் கையிற் பிடிக்கவேண்டும். வலக்கால் மாற்றியவர் இடக்கையிற் பிடிப்பது முறை. படியேறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது மாற்றிய கால் முதலில்.

முதற்கிழமையிலும் மூன்றாங்கிழமை கொடிது. முதலில் எல்லோரும் வருவர். மருந்தின் மயக்கமும் இருக்கும். தையல் பிரித்தபின் வருவார் குறைவர். நோவு குறைந்திராது. இரவில் உறக்கம் வராது. ஏன் இதைச் செய்துகொண்டோம் என்ற எண்ணம் வரும். தமக்கையார் ஒருநாள் விடியற்காலத்தில் சத்தமின்றி அழுதுகொண்டிருந்தார். 38 ஆண்டில் அட்டைக்கடிக்கும் அடைமழைக்கும் அழாதவர். நோவு தாங்காமலோ என்று மனைவியார் கேட்டார். "நோவு கெடக்கு. சும்மா திங்கிறேனே" என்றார். அன்று முதல் காலையில் மரக்கதிரைக்கு முன்னே முக்காலி வைத்து, அதில் வெங்காயமும் போஞ்சியும் வைக்கப்பட்டன. உரித்தார், நறுக்கினார். பத்து மணிக்கு அப்பியாசம். அதற்கு அரைமணி முன்னரே நோவு மாத்திரை. பின்னர்த் துவாயிற் சுற்றிய ஐஸ் இருபது நிமிடம். பகலுக்கு மேல் மறுபடி. நாட்கூலிக்காரி நேரம் பிந்தமாட்டார். மணிக்கூட்டைப் பார்த்து எங்களை விரட்டியவர் அவரே. மாதம் ஒன்றானபோது 95 பாகை மடிந்தது. நோயுற்றவனுக்குப் பரிமேலழகர் சொல்லும் இலக்கணங்களுள் மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பதும் ஒன்று. அதற்கு உதாரணம் தேடுவார் ஒருமுறை எம் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

'குடும்பத்தின் உதவி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பம் என்ற சொல் யாரைக் குறிக்கின்றது? எம் வீட்டில் அஃது இருவரைக் குறித்தது. ஒருவர் என் மனைவியார். மற்றவர் தமக்கையாரின் இளைய மகள். ஆடைத்தொழிற்சாலையில் வேலை. இரண்டு கிழமை சம்பளமற்ற விடுமுறை எடுத்தாள். அம்மாதத்து வரவுக் கொடுப்பனவையும் இழந்தாள். குளிப்பாட்டல், மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லல், இரவில் மூன்றுமுறை எழல் ஆகிய இவை அவர்கள் இருவர்க்கும். ஆண்கள் மருந்துக்கடைக்குப் போனோம், வாகனம் பிடித்தோம், வந்தவர்களோடு பேசினோம். இரவு இரண்டு மணியின் முறை ஒன்றை மகனும் நானும் மாறிமாறி ஏற்றுக்கொள்வது என்று இரண்டாங்கிழமையில் மனைவியார் தீர்ப்புக் கூறினார், அவ்வாறே நடந்தது. இதிற் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் அது செய்தியாயிற்று. ஓர் ஆண் தன் தமக்கையைத் தாங்கி நடத்தினால் அது செய்தி. ஒரு பெண் நாத்தனாருக்கு மூன்று மாதம் செய்தால் அது கடமை. இக்கணக்கு எந்த இலக்கணத்தில் உள்ளது என்று தெரியவில்லை. மனைவியாருக்கு வயது 54. தமக்கையாரைத் தூக்கி நிறுத்தி நிறுத்தி அவர்க்கும் இப்போது இடுப்பில் நோவு. தூக்கவேண்டா, அவர் கதிரையின் கைபிடியை ஊன்றித் தாமே எழட்டும் என்று இயன்மருத்துவர் சொன்னதில் இருவர் உடலுக்கும் காப்பு இருந்தது. அதுவும் முதற்கிழமையிலேயே எல்லா வீடுகளிலும் சொல்லப்படுவதில்லை, சொன்னாலும் கேட்கப்படுவதில்லை.

ஆறாங்கிழமையில் வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்தார். மூன்றாம் மாதம் ஊன்றுகோலைக் கதவு மூலையிற் சாத்திவைத்துவிட்டு முத்துமாரியம்மன் கோயில் வீதிவரை நடந்தார். கார்த்திகை, மார்கழி மழையில் 41 படியும் பாசிபிடித்திருக்கும் என்று நாங்கள் தடுத்தோம். பொங்கல் தன் வீட்டில்தான் என்றார். 2025 தைப்பொங்கலுக்கு முதல் நாள், அயல் இளைஞர்கள் படியின் ஓரமாக மூங்கிற் கைபிடி கட்டிவைத்திருந்தனர். நல்ல காலை முதலில் வைத்து, மாற்றிய காலை அருகிற் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் இரு காலும் ஒன்றுசேர ஏறினார். இருபத்தாறாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். அவருடைய மகள் ஒரு படி கீழே நின்றாள், கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு.

இடக்காலும் தேய்ந்த காலே. அதற்கும் செய்யலாம் என்று நிபுணர் சொல்லியிருக்கின்றார். தமக்கையார் மறுக்கவில்லை, மனைவியாரின் இடுப்பு நோவு ஆறட்டும் என்கிறார். இம்முறை ஆடைத்தொழிற்சாலைக்காரியை மறிக்காமல், மகனே ஒரு மாத விடுமுறை எடுத்துவந்து இரவுமுறை முழுவதையும் பார்க்கவேண்டும் என்று கொழும்புக்குச் சொல்லியனுப்பினார். அவன் உடனே சம்மதித்தான். தலையணை மட்டும் கொண்டுவராதே என்று மறுபடி சொல்லியனுப்பினார்.